பெட்டி இருக்கிறது, பேரைக் காணோம்!

முன்குறிப்பு: நான் கணினிப் பொறியாளன் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தவன். கிளையிலும் குடியிருப்பிலும் எப்படியோ 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள்' என்று ஒரு பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பட்டத்தால் வருகிற கேள்விகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி இதுதான். "நேத்து வரைக்கும் தெரிஞ்சுது சார், இன்னிக்கு டிஸ்க்கைக் காணோம்."

டிஸ்க் என்றால் ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெட்டி. என்.ஏ.எஸ். என்பதைச் சேர்த்து 'நாஸ்' என்பார்கள். வீட்டில் எல்லோருடைய போட்டோ, கல்யாண வீடியோ, ஸ்கேன் செய்த பத்திரம் எல்லாம் அதில் இருக்கும். இந்த ஊரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். முப்பது வருட ஆல்பம் ஒரே பெட்டிக்குள் போய்விட்ட வீடுகள் உண்டு. அது காணாமல் போனால் வயிற்றைக் கலக்காதா?

போய்ப் பார்த்தால் பெட்டியில் விளக்கு எரிகிறது. இணையம் வேலை செய்கிறது. கைபேசியில் அந்தப் பெட்டியின் செயலியைத் திறந்தால் போட்டோக்கள் பத்திரமாக இருக்கின்றன. விண்டோஸில் 'நெட்வொர்க்' என்பதைச் சொடுக்கினால் மட்டும் வெற்றிடம். ஆக, பெட்டி எங்கேயும் போகவில்லை. அதன் பெயர்தான் பட்டியலிலிருந்து விழுந்திருக்கிறது. அது ஏன் விழுகிறது என்று தோண்டப் போனால் நாற்பது வருடக் கதை வருகிறது. அந்தக் கதை தெரியாமல் பலரும் இதற்குச் செய்கிற வைத்தியம், வியாதியைவிட மோசம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

*

கதை 1980களின் முதல் பாதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் தொடங்குகிறது. தனிநபர் கணினி வந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. ஒரே அலுவலகத்தில் பத்துப் பதினைந்து கணினிகளைக் கம்பியால் இணைக்க ஆசைப்பட்டார்கள். அவற்றுக்குள் பேசிக்கொள்ள சைடெக் என்ற நிறுவனம் ஐ.பி.எம்.முக்காக எழுதிக் கொடுத்ததுதான் நெட்பயாஸ். இன்னொரு கணினியில் இருக்கும் கோப்பைத் தன் கணினியில் இருப்பது போலவே திறப்பதற்கு பாரி ஃபைகன்பாம் என்ற ஐ.பி.எம். பொறியாளர் ஒரு வழிமுறை வகுத்தார். அதுதான் எஸ்.எம்.பி. முதலில் தன் பெயரின் முதலெழுத்துகளையே அதற்கு வைத்திருந்தார், பிறகுதான் எஸ்.எம்.பி. ஆனது என்று சொல்வார்கள்.

நெட்பயாஸில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயர். 16 இடம், அதில் கடைசி இடம் அது என்ன வகைச் சேவை என்று குறிக்க. பாக்கி 15 எழுத்துதான் நமக்கு. (இன்றைக்கும் பெட்டிக்கு நீளமான பெயர் வைத்தால் 15 எழுத்தோடு வெட்டுப்படுவதன் காரணம் இதுதான்.) 'கணக்கு-1' என்ற கணினி எங்கே என்று தெரிய வேண்டுமானால் கம்பியில் உரக்கக் கத்த வேண்டும். அந்தப் பெயர் உடையது "நான்தான்" என்று பதில் சொல்லும்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய வங்கிக் கிளைதான் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேரும்போது எல்லாம் கணினி ஆகிவிட்டது. ஆனால் சீனியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரிய பெரிய லெட்ஜர்கள். "சேவிங்ஸ் மூணாம் நம்பர் லெட்ஜர் யார்கிட்ட?" என்று ஒருவர் சத்தம் போடுவார். "இங்க இருக்கு சார்" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். லெட்ஜர் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த பட்டியல் கிடையாது. கத்துவதும் பதில் சொல்வதும்தான் பட்டியல். யார் கேட்கிறார் என்று எவரும் சரிபார்ப்பதில்லை. கவுண்டருக்கு உள்ளே நிற்பவர் எல்லாம் நம்ம ஆள்தானே?

எஸ்.எம்.பி.யும் அதே நம்பிக்கையில் பிறந்தது. கம்பியில் இருப்பவர் எல்லாம் நம்ம ஆள்.

*

1992 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் 'விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்' கொண்டுவந்தது. கோப்பைப் பகிர்வது இனி வல்லுநர் வேலை இல்லை, யாரும் செய்யலாம் என்றானது. 1995இல் வந்த விண்டோஸ் 95இன் முகப்பிலேயே 'நெட்வொர்க் நெய்பர்ஹுட்' என்று ஒரு படம் இருந்தது. சொடுக்கினால் அக்கம்பக்கத்துக் கணினிகளின் பெயர் எல்லாம் வரிசையாக வரும்.

அந்தப் பட்டியலை யார் தயாரித்தார்கள்? இங்கேதான் வேடிக்கை. கணினிகள் தங்களுக்குள் தேர்தல் நடத்தும். நிஜமாகவே அதற்குத் தேர்தல் என்றுதான் பெயர். (கேரளாவில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவது பொருத்தம்தான் :-)) எந்தக் கணினியின் விண்டோஸ் உசத்தி, எது அதிக நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் பார்த்து ஒன்று தலைவராகும். மற்றவை எல்லாம் 12 நிமிடத்துக்கு ஒரு தரம் "நான் இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும். மூன்று தரம் குரல் வரவில்லை என்றால் தலைவர் அந்தப் பெயரை அடித்துவிடுவார். துணைத் தலைவர்கள் 15 நிமிடத்துக்கு ஒரு தரம் பட்டியலைப் பிரதி எடுத்துக்கொள்வார்கள்.

கூட்டிப் பாருங்கள். மூன்று பன்னிரண்டு 36, அதோடு 15, மொத்தம் 51 நிமிடம். செத்துப்போன கணினியின் பெயர் 51 நிமிடம் வரை பட்டியலில் உயிரோடு இருக்கலாம். தலைவராக இருந்த கணினியை யாராவது பட்டென்று அணைத்துவிட்டால், அடுத்த தேர்தல் முடிந்து பட்டியல் நிரம்பும் வரை உயிரோடு இருக்கும் கணினியின் பெயரும் தெரியாமல் போகலாம். அதாவது 'நேத்து இருந்துச்சு, இன்னிக்குக் காணோம்' என்பது நம் வீட்டுப் பெட்டியோடு வந்த வியாதி அல்ல. அந்தப் பட்டியலோடு கூடவே பிறந்தது.

*

சரி, நம் வீட்டுப் பெட்டிக்குள் விண்டோஸே கிடையாதே, அது எப்படி இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது?

அதற்கு ஆஸ்திரேலியா போக வேண்டும். 1991 டிசம்பரில் கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்தார் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். தன் டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் டிஸ்க்கைத் திறக்க அவருக்கு ஆசை. கையில் கையேடு கிடையாது. கம்பியில் ஓடுகிற தகவல்களைப் பிடித்துப் பார்த்து, இவன் இப்படிக் கேட்டால் அவன் இப்படிப் பதில் சொல்கிறான் என்று ஊகித்து ஒரு நிரல் எழுதினார். அது எஸ்.எம்.பி. என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. இரண்டு வருடம் அதை மறந்தே போனார். பிறகு வீட்டில் மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸோடு இணைக்க வேண்டியிருந்தபோது திரும்ப எடுத்தார். அவர் வைத்திருந்த பெயர் வேறொரு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று தெரிந்ததும், எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களை அகராதிக் கோப்பில் தேடினார். கிடைத்தவற்றில் ஒன்று 'சாம்பா'. அதுவே பெயர்.

சாம்பா இலவசம், மூல நிரலும் திறந்தது. அதனால்தான் பிற்பாடு வீட்டு நாஸ் பெட்டி செய்ய வந்த நிறுவனங்கள் பலவும் உள்ளே லினக்ஸைப் போட்டு மேலே சாம்பாவை வைத்தன. உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளும் பெரும்பாலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு இந்தியாவில் ஒரு முகவரி என்றால் அது திருவனந்தபுரம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்தது இந்த ஊரில்தான்.

ஒரு விஷயம் கவனியுங்கள். சாம்பாக்காரர்கள் பல வருடம் ஊகித்து ஊகித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஆணையம் 2004இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லி, 2007 செப்டம்பரில் நீதிமன்றம் அதை உறுதிசெய்த பிறகுதான் கதவு திறந்தது. அந்த டிசம்பரில் ஒரு தடவை 10,000 யூரோ கட்டணத்துக்கு ஆவணங்கள் சாம்பாவுக்காகக் கைக்கு வந்தன. விண்டோஸ் ஒரு படி முன்னே போனால் சாம்பா பின்னாலேயே ஓட வேண்டும், சாம்பாவை வாங்கிப் பெட்டிக்குள் வைத்த நிறுவனம் அதற்கும் பின்னால். விண்டோஸ் விஸ்டாவோடு எஸ்.எம்.பி. இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. சாம்பாவில் அதற்கு முழு ஆதரவு வந்தது 2011இல். அதற்கு முன் வாங்கிய பெட்டியை நீங்கள் மேம்படுத்தவே இல்லை என்றால், அதற்கு முதல் பதிப்பு மட்டுமே பேசத் தெரியும்.

*

இப்போது 2017க்கு வருவோம்.

முதல் பதிப்பைத் தூக்கிப் போடுங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்ல ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தத் துறையைப் பார்த்துக்கொண்ட நெட் பைல் 2016 செப்டம்பரில் இதற்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். யார் கேட்டார்கள்? ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பதுதானே எல்லா ஊர் வழக்கமும்.

முதல் பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. 2017 மார்ச் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதற்கு அடைப்பு வெளியிட்டது. ஏப்ரல் 14ஆம் தேதி அமெரிக்க உளவு நிறுவனத்துடையது என்று சொல்லப்பட்ட ஆயுதங்களை 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற குழு இணையத்தில் கொட்டியது. அதில் அந்த ஓட்டைக்குரிய சாவியும் இருந்தது. மே 12, வெள்ளிக்கிழமை. அந்தச் சாவியோடு 'வான்னாக்ரை' புறப்பட்டது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. கம்பியில் ஒரு கணினி மாட்டினால் அது பக்கத்துக் கணினிக்குத் தானே பரவும். கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் பிட்காயினில் கொடு என்று திரையில் எழுதும்.

இங்கிலாந்தில் 236 மருத்துவமனை அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நம் பக்கத்தில் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை வரை வந்தது. சனி, ஞாயிறு கழிந்து மே 15 திங்கட்கிழமை காலை கேரளாவில் அலுவலகங்கள் திறந்தபோது, வயநாட்டில் தரியோடு ஊராட்சி அலுவலகத்திலும் பத்தனம்திட்டையில் அருவாப்புலம் ஊராட்சி அலுவலகத்திலும் கணினிகள் பூட்டிக் கிடந்தன. அடுத்த நாள் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகம்.

எனக்கு அந்த ஊராட்சி அலுவலகங்கள்தான் மனதில் நின்றன. ஊராட்சி அலுவலகம் என்றால் என்ன? பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வீட்டு வரி, ஓய்வூதிய விண்ணப்பம். மலையோரத்தில் ஒருவர் வரி ரசீது வாங்க வந்து நிற்கிறார், உள்ளே திரை சிவப்பாக இருக்கிறது. 'கம்பியில் இருப்பவர் எல்லாம் நம்ம ஆள்' என்று முப்பது வருடத்துக்கு முன் ஓர் அமெரிக்க அலுவலகத்தில் வைத்த நம்பிக்கைக்கு வட்டி கட்டியது இந்தக் கடைசி மனிதர்கள்.

நாஸ் பெட்டிக்காரர்களும் தப்பவில்லை. அதே மே 24ஆம் தேதி சாம்பாவிலும் ஓர் ஓட்டை வெளியே வந்தது. 2010 முதல் வந்த பதிப்புகள் எல்லாவற்றிலும் அது இருந்தது.

*

விளைவு என்ன? 2017 அக்டோபர் 17 அன்று வந்த விண்டோஸ் 10 புதுப்பித்தலில் மைக்ரோசாஃப்ட் முதல் பதிப்பைக் கழற்ற ஆரம்பித்தது. ஹோம், ப்ரோ பதிப்புகளில் பழைய முறையில் கோப்புக் கேட்கும் பகுதி மட்டும் இருக்கும். 15 நாள் ஓட்டத்தில் அதைப் பயன்படுத்தவில்லை என்றால் அதுவும் தானே விலகிவிடும். தேர்தல் நடத்திப் பட்டியல் போட்ட சேவை முதல் பதிப்பை நம்பியே இருந்தது. அது போனதும் இதுவும் போயிற்று.

நம் 'காணோம்' கதையின் முடிச்சு இங்கே அவிழ்கிறது. பழைய பட்டியல் ஒழிந்தது. புதிதாகப் பெயர் அறிவிக்கும் முறை (டபிள்யூ.எஸ். டிஸ்கவரி என்பார்கள்) விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸில் இருக்கிறது. ஆனால் சாம்பாவோடு அது வருவதில்லை. பெட்டி செய்த நிறுவனம் தனியாகச் சேர்த்திருந்தால் பெயர் தெரியும், இல்லையென்றால் தெரியாது. பெட்டியும் நலம், கணினியும் நலம், நடுவில் அறிமுகம் செய்துவைக்க ஆளில்லை.

உடனே ஊர் முழுக்க ஒரு வைத்தியம் பரவியது. 'விண்டோஸ் அம்சங்களில் போய் எஸ்.எம்.பி. 1க்கு டிக் போடு, பெட்டி வந்துவிடும்.' வரும்தான், பொய்யில்லை. ஆனால் எந்தக் கதவு வழியாகத் திருடன் வந்தானோ, அதே கதவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குக் காற்று வருகிறது என்று சந்தோஷப்படுவது அது. இன்றைக்கும் இந்த யோசனை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள்.

2024 அக்டோபரில் விண்டோஸ் 11இன் 24எச்2 வந்தபோது அடுத்த சுற்று. ப்ரோ பதிப்பில் இரண்டு புதிய கட்டாயம். ஒன்று, ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து இருக்க வேண்டும். இரண்டு, பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல் 'விருந்தாளி'யாக உள்ளே போக முடியாது. மறுபடி ஒரு கூட்டம் பெட்டிகள் 'காணாமல்' போயின. வங்கிக்காரனுக்கு இதில் வருத்தமே இல்லை. கையெழுத்தைச் சரிபார்க்காமல் காசோலைக்குப் பணம் கொடுப்போமா? 2002இல் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளரை அறிந்துகொள் என்று விதி கொண்டுவந்தபோதும் "முப்பது வருஷமா வர்றேன், என்கிட்டயே அடையாள அட்டை கேட்கிறியா?" என்று கோபித்துக்கொண்டவர்கள் உண்டு என்பார்கள் சீனியர்கள். அதே கோபம்தான் இதுவும் :-)

*

அப்படியானால் பெட்டி தெரியவில்லை என்றால் என்ன செய்வது? கதை தெரிந்துவிட்டதால் வழி சுலபம். நான் பார்க்கிற வரிசை இது.

முதலில் பெயரை மறந்துவிட்டு எண் முகவரியைத் தேடுங்கள். ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் இருக்கும். கோப்புச் சாளரத்தின் மேல் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு அந்த எண்ணை அடியுங்கள். திறந்துவிட்டால் பெயர் மட்டும்தான் தொலைந்திருக்கிறது. அந்த எண்ணைப் பெட்டிக்கே ஒதுக்கிவைக்கும்படி ரவுட்டரில் ஓர் ஏற்பாடு உண்டு. அதைச் செய்துவிட்டு, எண்ணை வைத்தே ஒரு டிரைவ் எழுத்து கொடுத்துவிட்டால் பட்டியலே தேவையில்லை. விண்டோஸ் உங்கள் வீட்டு இணைப்பைப் 'பொது' என்று வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரவுட்டர் மாற்றினால் புதிய ஊர் என்று நினைத்து அப்படி வைத்துவிடும். 'தனியார்' என்று மாற்ற வேண்டும்.

எண் போட்டும் திறக்கவில்லை, ஆனால் உலாவியில் பெட்டியின் சொந்தப் பக்கம் திறக்கிறது என்றால் இது பேச்சுமொழித் தகராறு. பெட்டியின் அமைப்பில் குறைந்தபட்சம் இரண்டாம் பதிப்பு, அதிகபட்சம் மூன்றாம் பதிப்பு என்று வைத்து, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, விருந்தாளியை எடுத்துவிட்டு, ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள்.

இரண்டுமே திறக்கவில்லை என்றால் பெட்டியும் கணினியும் வேறு வேறு தெருவில் இருக்கின்றன. கணினி விருந்தினர் வைஃபையில் இருக்கலாம். புது ரவுட்டர் வேறு எண் வரிசை கொடுக்க, பெட்டி பழைய எண்ணிலேயே நிற்கலாம். கரென்ட் போய் வந்தபோது ரவுட்டருக்கு முன்னால் பெட்டி எழுந்து, எண் தர ஆளில்லாமல் தானே 169.254 என்று தொடங்கும் எண்ணை வைத்துக்கொண்டிருக்கலாம். ரவுட்டர் எழுந்த பிறகு பெட்டியை ஒரு தரம் முறைப்படி அணைத்துப் போட்டால் சரியாகும்.

பெட்டியே முதல் பதிப்பு மட்டும் தெரிந்த கிழம் என்றால்? உள்ளே இருப்பதை எல்லாம் நகல் எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிடுங்கள். மரியாதையாக.

கடைசியாக ஒன்று. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' பெட்டிகளுக்கு நடந்தது தெரியுமா? 2015லேயே அவற்றுக்கு மேம்படுத்தல் நின்றுவிட்டது. இணையத்தோடு இணைந்திருந்த பெட்டிகளை வெளியிலிருந்து யாரோ அழித்தார்கள். உலகம் முழுக்கப் பலர் காலையில் எழுந்து பார்த்தால் பெட்டி இருக்கிறது, பெயரும் தெரிகிறது, உள்ளே ஒன்றும் இல்லை. நிறுவனம் அப்போது சொன்ன அறிவுரை: இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள்.

பெயர் தொலைந்தால் தேடிக் கண்டுபிடிக்கலாம், உள்ளே இருப்பது தொலைந்தால் அவ்வளவுதான். அதனால் பெட்டி தெரிகிறதா இல்லையா என்பதைவிட, அதில் இருப்பதற்கு இன்னொரு பிரதி கம்பியில் மாட்டாமல் ஓர் அலமாரியில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பெட்டிக்குள்ளேயே இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்பது கணக்காகாது. ஒரே லாக்கரில் இரண்டு பூட்டு போட்டாலும் லாக்கர் ஒன்றுதானே?

பின்குறிப்பு: துலாவர்ஷம் தொடங்கிவிட்டால் இந்த ஊரில் மதியத்துக்கு மேல் இடி சர்வ சாதாரணம். ஐப்பசி, கார்த்திகை மட்டும் அல்ல, சித்திரையிலும் உண்டு. வானம் கறுத்தால் பெட்டியின் மின்கம்பியையும் நெட்வொர்க் கம்பியையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். மின்கம்பியை மட்டும் கழற்றினால் மின்னல் மற்ற கம்பி வழியாக வரும். அப்படிக் 'காணாமல் போகும்' பெட்டிக்கு மேலே சொன்ன வைத்தியம் எதுவும் பலிக்காது.